1500 மணிநேரம்: ஏணியின் முதற்படி குறித்து

விமானத்தில் ஏறுகிறவர் ஒரு பெயரை நம்பித்தான் ஏறுகிறார். பயணச்சீட்டில் அச்சான பெயர், விமானத்தின் வாலில் தீட்டிய பெயர். அமெரிக்காவின் உள்நாட்டு விமானங்களில் இந்தப் பெயருக்கும், விமானத்தை ஓட்டுகிறவருக்குச் சம்பளம் தரும் நிறுவனத்துக்கும் உள்ள உறவு பல சமயங்களில் ஓர் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடுகிறது. டெல்டா கனெக்‌ஷன், யுனைடெட் எக்ஸ்பிரஸ், அமெரிக்கன் ஈகிள் என்ற பெயர்களில் பறப்பவை உண்மையில் ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், என்வாய் போன்ற பிராந்திய நிறுவனங்கள். இவற்றுள் சில பெரிய நிறுவனங்களுக்கே சொந்தமானவை. சில தனி நிறுவனங்கள். 2009ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அந்நாட்டின் உள்நாட்டு விமானப் புறப்பாடுகளில் ஏறக்குறைய பாதி இத்தகைய நிறுவனங்களால் இயக்கப்பட்டவை.

ஏற்பாடு எளிமையானது. பெரிய நிறுவனம் பயணச்சீட்டை விற்கிறது, கால அட்டவணையை வகுக்கிறது, ஒவ்வொரு பறப்புக்கும் இன்ன தொகை என்று பிராந்திய நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. எரிபொருள் செலவைக்கூடப் பெரும்பாலும் பெரிய நிறுவனமே ஏற்கிறது. ஆகவே, குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எடுக்க விரும்பும் பிராந்திய நிறுவனம் கைவைக்கக்கூடிய செலவுகள் மிகச் சில. அவற்றில் முதன்மையானது ஊழியர் சம்பளம், அடுத்தது பயிற்சி. இந்தக் கணக்கின் மறுபுறத்தில்தான் விமானியின் தொழில்வாழ்க்கை தொடங்குகிறது. அமெரிக்க விமானிகளில் மிகப் பலருக்குப் பயணிகளைச் சுமந்து பறக்கும் முதல் வேலை பிராந்திய நிறுவனத்தில்தான் அமைகிறது. தொழிலின் மிகக் குறைந்த அனுபவமும் மிகக் குறைந்த சம்பளமும் ஒரே அறையில் அருகருகே உட்காரும்படி இந்த ஏணி கட்டப்பட்டிருக்கிறது.

யாரை அந்த இருக்கையில் அமர்த்தலாம் என்ற கேள்விக்கு அமெரிக்கா 2013இல் ஓர் எண்ணை விடையாகச் சொன்னது: 1500 மணிநேரப் பறப்பு அனுபவம். அந்த எண்ணை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த எண் பிறந்த விதத்தையும், அது எந்தக் கேள்விகளை மறைத்துக்கொண்டு முன்னால் நின்றது என்பதையும் பேச வேண்டியிருக்கிறது.

2009 பிப்ரவரி 12 இரவு, நியூயார்க்கை அடுத்த நெவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குப் புறப்பட்ட விமானம் ஒன்று, இறங்குவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின்மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டனர். பயணச்சீட்டில் இருந்த பெயர் கான்டினென்டல் கனெக்‌ஷன். இயக்கிய நிறுவனம் கோல்கன் ஏர். விமானம் பாம்பார்டியர் கியூ400, இரு சுழலிகளைக் கொண்டது.

இறந்தவர்களில் ஒருவர் அலிசன் டெ ஃபோர்ஜ். ருவாண்டா இனப்படுகொலை குறித்து 'லீவ் நன் டு டெல் தி ஸ்டோரி' என்ற பெரும் ஆவணநூலை 1999இல் கொண்டுவந்தவர். அந்தப் படுகொலை தன்னிச்சையான வெறியாட்டம் என்ற கதையை, கடிதங்களையும் கூட்டக் குறிப்புகளையும் சாட்சிகளையும் அடுக்கி உடைத்தவர். கோப்புகளைப் படிப்பதன் மதிப்பை அவரளவு அறிந்தவர்கள் குறைவு. அவர் ஏறிய விமானத்தின் கேப்டனைப் பற்றிய கோப்பு வேலைக்கு எடுக்கும்போது முழுமையாகப் படிக்கப்படவில்லை.

நடந்ததை தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010 பிப்ரவரியில் விரிவாக வெளியிட்டது. பனி உறையும் வானிலைக்காக ஒரு விசை திருப்பப்பட்டிருந்தது. அந்த நிலையில் எச்சரிக்கைக் கருவி வழக்கத்தைவிட அதிக வேகத்திலேயே ஒலிக்கத் தொடங்கும். ஆனால் இறங்குவதற்காகக் குறித்துவைத்திருந்த வேகமோ பனியற்ற வானிலைக்கு உரியது. வேகம் குறைந்துகொண்டே வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்து எச்சரித்தது. அந்தக் கணத்தில் விமானம் உண்மையில் ஸ்டால் நிலைக்கு, அதாவது இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் நிலைக்குச் சென்றிருக்கவில்லை. மூக்கைத் தாழ்த்தி, விசையைக் கூட்டியிருந்தால் போதும். கேப்டன் தண்டைத் தன்பக்கம் இழுத்தார். மூக்கு உயர்ந்தது, வேகம் வீழ்ந்தது, விமானம் மெய்யாகவே ஸ்டால் ஆனது. தண்டைத் தானாக முன்னே தள்ளும் கருவி இயங்கியபோது அதையும் எதிர்த்து இழுத்தார். முதல் அதிர்விலிருந்து அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது.

விபத்துக்கான காரணம் கேப்டனின் பொருந்தாத எதிர்வினை என்றது வாரியம். வேகத்தைக் கண்காணிக்கத் தவறியதும், தாழ்வாகப் பறக்கும்போது வேலைக்கு அப்பாற்பட்ட பேச்சைத் தவிர்க்க வேண்டும் என்ற விதி மீறப்பட்டதும், பனிக்காலத்தில் வேகத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றிய கோல்கனின் நடைமுறைகள் போதாமல் இருந்ததும் துணைக்காரணங்கள். இந்த விமானத்தில் தண்டைத் தள்ளும் கருவி இயங்கும்போது கை எப்படி உணரும் என்பதை சிமுலேட்டரில் அவருக்குப் பழக்கவும் இல்லை.

கேப்டன் கோல்கனில் 2005இல் சேர்ந்தார். அப்போது அவருடைய மொத்தப் பறப்பு அனுபவம் சுமார் 618 மணிநேரம். அதற்கு முன் உரிமத் தேர்வுகளில் மூன்று முறை தோற்றிருந்தார். விண்ணப்பத்தில் ஒன்றை மட்டுமே குறிப்பிட்டிருந்தார். விண்ணப்பதாரரின் இசைவுடன் அரசுக் கோப்பிலிருந்து மற்றவற்றையும் கேட்டுப் பெற்றிருக்கலாம். ஆனால் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை, நிறுவனமும் கேட்கவில்லை. வேலையில் சேர்ந்த பின்னும் சோதனைகளில் சறுக்கியிருந்தார். தொடர்ந்து தடுமாறுகிற விமானியைக் கண்டறிந்து தனிக்கவனம் தரும் ஏற்பாடு நிறுவனத்தில் இல்லை.

துணை விமானிக்கு வயது 24. நாட்டின் மேற்குக் கோடியில், சியாட்டில் அருகே தன் குடும்பத்தோடு வசித்தார். பணித்தளமோ கிழக்குக் கோடியில் நெவார்க். முந்திய இரவு சரக்கு விமானத்தில் இலவச இருக்கையில் மெம்ஃபிஸ் வந்து, அங்கிருந்து இன்னொரு விமானம் மாறி, காலை 6.30க்கு முன் நெவார்க்கை அடைந்தார். அன்றிரவு 9.18க்குத்தான் விமானம் புறப்பட்டது. கேப்டனின் வீடு ஃபுளோரிடாவில். அவர் நெவார்க்கில் ஊழியர் அறையில் இரவைக் கழித்திருந்தார். நெவார்க்கைத் தளமாகக் கொண்ட 137 கோல்கன் விமானிகளில் 93 பேர் இப்படி வெளியூரிலிருந்து வந்துபோகிறவர்கள் என்று வாரியம் கணக்கிட்டது. அப்போது பிராந்திய நிறுவனங்களில் புதிய துணை விமானியின் சம்பளம் பறக்கும் மணிக்கு 20 டாலரைச் சற்றே தாண்டியது; மாதம் 75 மணிநேரம் என்று வைத்தால் ஆண்டுக்கு சுமார் 20,000 டாலர். நியூயார்க் அருகே ஓர் அறை எடுத்து உறங்க அந்தப் பணம் காணாது. சோர்வு இருவரையும் பாதித்திருக்கலாம் என்று வாரியம் ஏற்றது; ஆனால் எந்த அளவுக்கு என்று உறுதிசெய்ய முடியவில்லை என்றது. அதன் தலைவர் டெபோரா ஹெர்ஸ்மன், சோர்வைத் துணைக்காரணமாகச் சேர்க்க வேண்டும் என்று தனிக் கருத்து எழுதினார்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். விபத்தன்று கேப்டனின் மொத்த அனுபவம் 3,379 மணிநேரம். துணை விமானியின் அனுபவம் 2,244 மணிநேரம். இருவருமே 1500ஐத் தாண்டியவர்கள். ஆனால் அந்த விமான வகையில் கேப்டனுக்கு இருந்த அனுபவம் சுமார் 111 மணிநேரம். துணை விமானிக்கு 774.

இறந்தவர்களின் குடும்பத்தார் ஓர் அமைப்பாகத் திரண்டார்கள். வாஷிங்டனுக்கு மீண்டும் மீண்டும் சென்றார்கள். ஒவ்வொரு விசாரணையிலும் இறந்தவர்களின் படங்களோடு முன்வரிசையில் அமர்ந்தார்கள். அவர்களின் விடாமுயற்சியால் 2010 ஆகஸ்ட் 1 அன்று ஒரு சட்டம் கையெழுத்தானது. பயணிகள் விமானத்தின் துணை விமானியும் முழு விமானப் போக்குவரத்து விமானி உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்றது அது. 2013இல் விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் துணை விமானிக்கு வணிக விமானி உரிமம் போதும். அதற்கு 250 மணிநேரம். இப்போது 1500. ராணுவத்தில் பயின்றவருக்கு 750, விமானத்துறையில் 4 ஆண்டுப் பட்டம் பெற்றவருக்கு 1000, 2 ஆண்டுப் படிப்புக்கு 1250 என்று சலுகைகள் உண்டு.

சட்டம் வேறு பலவற்றையும் கேட்டது. ஓய்வுநேர விதிகளைத் திருத்தச் சொன்னது. அவை 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன, சரக்கு விமானங்களை விட்டுவிட்டு. ஸ்டால் பயிற்சியை மாற்றச் சொன்னது. எச்சரிக்கையோடு நில்லாமல் முழு ஸ்டாலிலிருந்து மீளவும் சிமுலேட்டரில் பயிற்றுவிப்பது 2019இல் கட்டாயமானது. விமானிகளின் தேர்வு முடிவுகளையும் வேலைப் பதிவுகளையும் ஒரே இடத்தில் திரட்டும் தகவல்தளம் ஒன்றை அமைக்கச் சொன்னது. பொதுப்பேச்சில் நிலைத்தது மட்டும் 1500 தான். எண்களுக்கு அந்த வசதி உண்டு. நாளேட்டின் தலைப்பில் அடங்கும், நாடாளுமன்ற உறுப்பினரின் நினைவில் தங்கும், தணிக்கையாளர் ஒரே பார்வையில் சரிபார்க்கலாம். ஒருவர் என்ன கற்றார், யாரிடம் கற்றார், எதில் தோற்றார், தோற்றபின் என்ன செய்தார் என்பதை அப்படிப் பார்க்க முடியாது.

அந்த 1500 மணிநேரம் எப்படிச் சேர்கிறது? உரிமம் பெற்ற இளைஞர் தலையில் பெரும்பாலும் கடன் இருக்கிறது. பயிற்சிச் செலவு 1 லட்சம் டாலரைத் தொடுகிறது. எனவே மணிநேரத்தைப் பணம் கொடுத்து வாங்க அவரால் முடியாது. யாராவது அவருக்குப் பணம் தர வேண்டும். பெரும்பாலோர் பயிற்றுநர் ஆகிறார்கள். நேற்றுக் கற்றவர் இன்று கற்பிக்கிறார். சிலர் கடற்கரைமீது விளம்பரத் துணியை இழுத்துப் பறக்கிறார்கள். சிலர் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்கிறார்கள். சிலர் பாராசூட்டில் குதிக்கிறவர்களை மேலே கொண்டுபோய்விட்டு வெறும் விமானத்துடன் இறங்குகிறார்கள். இவை வீணான அனுபவங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. மாணவர் செய்யப்போகும் தவற்றை முன்கூட்டியே காணும் கண் பயிற்றுநருக்கு வாய்க்கிறது. தனியே முடிவெடுக்கும் துணிவும் வருகிறது. ஆனால் அரிசோனாவின் தெளிந்த வானில் செஸ்னாவில் ஓடிய ஆயிரம் மணிநேரத்தில் பனி உறைந்த இறக்கை ஒருமுறையும் வந்திராது. இரண்டுபேர் வேலையைப் பகிர்ந்து, ஒருவரையொருவர் கண்காணித்து, மூத்தவரின் தவற்றை இளையவர் எடுத்துச் சொல்லும் அறையும் வந்திராது. நம்மூரில் லாரியில் கிளீனராக ஏறி டிரைவராக இறங்குகிறவர்கள் உண்டு. அவர்களும் பாதையில்தான் கற்கிறார்கள். பக்கத்தில் ஒரு டிரைவர் இருக்கிறார் என்பதே அந்தக் கல்வியின் சாரம். அவர் எப்படிப்பட்ட டிரைவர் என்பதைப் பொறுத்தே கிளீனர் கற்பதும் அமையும்.

ஐரோப்பாவில் 1500 என்ற விதி இல்லை. 200 மணிநேரத்தை ஒட்டிய அனுபவத்தோடு துணை விமானி ஜெட் விமானத்தில் அமர்வது அங்கு வழக்கம். இந்தியாவிலும் வணிக விமானி உரிமத்துக்குத் தேவை 200 மணிநேரம்தான்; அதன்பின் குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சியை முடித்தால் பயணிகள் விமானத்தில் அமரலாம். மேற்கு ஐரோப்பாவின் பெரிய நிறுவனங்களின் பாதுகாப்பு வரலாறு அமெரிக்காவுக்கு இளைத்ததன்று. லுஃப்தான்சா பல பத்தாண்டுகளாக பிரேமனில் பள்ளி நடத்தி, தானே தேர்ந்து, தானே பயிற்றி வந்திருக்கிறது. அந்த வழியும் குறையற்றதன்று. 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதி 150 பேர் இறக்கக் காரணமான துணை விமானி அந்த வழியில் வந்தவர். மன அழுத்த நோயால் பயிற்சியை இடையில் நிறுத்தியிருந்தவர். இந்த ஒப்பீட்டிலிருந்து கொள்ள வேண்டியது ஒன்றே: மணிநேரத்தின் அளவு எந்தத் திசையிலும் தனித்து எதையும் நிறுவுவதில்லை.

இதற்குச் சான்று அமெரிக்காவிலேயே இருக்கிறது. 2019 பிப்ரவரி 23 அன்று அட்லஸ் ஏர் நிறுவனத்தின் போயிங் 767 சரக்கு விமானம் டெக்சாஸ் மாநிலத்தின் டிரினிட்டி விரிகுடாவில் விழுந்து மூவர் இறந்தனர். துணை விமானிக்கு 5,000 மணிநேரத்துக்கும் மேற்பட்ட அனுபவம். ஆனால் பல நிறுவனங்களில் பயிற்சியில் தோற்றிருந்தார். எதிர்பாராத சூழலில் பதறிப் பொருத்தமற்றதைச் செய்வது அவரிடம் பழைய பயிற்றுநர்கள் கண்டிருந்த குறை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சிலவற்றை மறைத்தார். 2010இல் சட்டம் கேட்ட தகவல்தளம் அப்போதும் செயல்படவில்லை. அந்தத் தாமதத்தையும் விபத்தின் துணைக்காரணங்களில் ஒன்றாக வாரியம் 2020இல் பதிவு செய்தது. தகவல்தளத்துக்கான இறுதி விதி வெளிவந்தது 2021 ஜூனில். மணிநேரத்தைக் கணக்கிடும் விதிக்கு 3 ஆண்டு போதுமானதாக இருந்தது. தோல்விகளைப் படிக்கும் விதிக்கு 11 ஆண்டு ஆனது.

2019 அக்டோபரில் அலாஸ்காவின் உனலாஸ்காவில் பென்ஏர் இயக்கிய சாப் 2000 விமானம் ஓடுதளத்தைத் தாண்டிச் சென்று, பயணி ஒருவர் இறந்தார். சக்கரத் தடைக் கருவியின் கம்பிகள் பராமரிப்பின்போது தவறாக இணைக்கப்பட்டிருந்தது முதற்காரணம். ஆனால் அதிகப் பின்காற்றில் இறங்க முடிவெடுத்த கேப்டனின் அனுபவத்தைப் பாருங்கள்: மொத்தம் சுமார் 20,000 மணிநேரம், அந்த விமான வகையில் சுமார் 100. அவ்வளவு கடினமான விமான நிலையத்துக்குக் கேப்டனை அனுப்ப நிறுவனமே வகுத்துக்கொண்ட தகுதி நிபந்தனை ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படவில்லை.

1500 விதியின் ஆதரவாளர்கள் வலுவான ஒரு வாதத்தை வைக்கிறார்கள். 2009 பிப்ரவரிக்குப் பின் 2025 ஜனவரி வரை அமெரிக்கப் பயணிகள் விமான நிறுவனங்களில் பெருவிபத்து நிகழவில்லை என்பது அது. அதற்கு முந்திய சில ஆண்டுகளில் பிராந்திய நிறுவனங்களின் விபத்துகள் தொடர்ந்து வந்தன: 2004இல் வெற்று விமானத்தை வேடிக்கைக்காக 41,000 அடி உயரத்துக்கு ஏற்றி இரு விமானிகள் மாண்டனர், 2006இல் லெக்சிங்டனில் தவறான ஓடுதளத்திலிருந்து புறப்பட முயன்று 49 பேர் இறந்தனர். 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டன் அருகே பி.எஸ்.ஏ நிறுவனத்தின் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்ததை பிராந்திய நிறுவனத்தின் ஆள்தேர்வோடு முடிச்சுப் போடுவது நியாயமாகாது. ஆகவே அந்தப் பதினாறு ஆண்டு அமைதி மெய். அதை ஈட்டியது எது? ஓய்வு விதிகள், புதிய ஸ்டால் பயிற்சி, ஆபத்தை முன்னுணரும் நிர்வாக முறைகள், நல்ல கருவிகள், 1500 மணிநேரம் எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தன. ஒரே குழம்பில் போட்ட சரக்குகளில் ருசிக்குக் காரணம் இது ஒன்றே என்று விரல் காட்ட முடியாது.

எதிர்த்தரப்பின் வாதத்திலும் உண்மை உண்டு. விமானிகள் கிடைக்கவில்லை என்றன பிராந்திய நிறுவனங்கள். ரிபப்ளிக் 2016இல் திவால் பாதுகாப்பை நாடியபோது அதையே ஒரு காரணமாகச் சொன்னது. சிற்றூர்களை இணைத்துவந்த கிரேட் லேக்ஸ் ஏர்லைன்ஸ் 2018இல் பறப்பதை நிறுத்தியது. 2022இல் ஸ்கைவெஸ்ட் 29 சிற்றூர்களிலிருந்து விலக முன்வந்தது. அதே ஆண்டு ரிபப்ளிக் தன் பள்ளியில் பயின்றவர்களுக்கு 750 மணிநேரம் போதும் என்று விலக்குக் கேட்க, விமானப் போக்குவரத்து நிர்வாகம் மறுத்தது. 2024 மே மாதச் சட்டமும் 1500ஐத் தொடவில்லை.

ஆனால் இந்தப் பற்றாக்குறை இன்னொன்றையும் செய்தது. 2022 கோடையில் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குச் சொந்தமான என்வாய், பீட்மான்ட் நிறுவனங்களில் புதிய துணை விமானியின் சம்பளம் மணிக்கு 90 டாலர் ஆனது. அதே 75 மணிநேரக் கணக்கில் ஆண்டுக்கு 81,000 டாலர். 2009இல் இருந்ததைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. அப்படியானால், முன்பு கொடுக்க முடியாது என்றது உண்மையில் கொடுக்கத் தேவையில்லை என்பதுதான். பாதுகாப்புக்காகப் போட்ட விதி சந்தையின் வழியே சம்பளத்தை உயர்த்தியது. என்னைக் கேட்டால், 1500 செய்த மிகப் பெரிய நன்மை இதுவே. ஓர் இளம் விமானி பணித்தளத்தின் ஊரிலேயே அறை எடுத்துத் தூங்க முடிகிறது என்பது பறப்புப் பதிவேட்டில் ஏறாத பாதுகாப்பு. ஆனால் அது சட்டம் நினைத்துச் செய்ததன்று. சந்தை கொடுத்ததைச் சந்தை திரும்ப எடுத்துக்கொள்ளவும் கூடும்; 2024இல் பெரிய நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்தபோது ஏணியின் கீழே 1500 மணிநேரத்தோடு காத்திருப்போர் வரிசை மீண்டும் நீண்டது.

ஏணியின் அமைப்பையும் பார்க்க வேண்டும். நிறுவனத்தில் சேரும் நாளில் விமானிக்குப் பணிமூப்பு எண் கிடைக்கிறது. எந்த ஊர் தளம், எந்த விமானம், கிறிஸ்துமஸ் அன்று வீட்டிலா ஓட்டல் அறையிலா, கேப்டன் இருக்கை எப்போது என்பதையெல்லாம் அந்த எண் தீர்மானிக்கிறது. ஆட்குறைப்பு வந்தால் கடைசி எண் முதலில் போகும். வேறு நிறுவனத்துக்கு மாறினால், இருபதாண்டுக் கேப்டனும் அங்கே வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். இந்த முறையைப் பழிப்பது எளிது. ஆனால் மேலாளரின் பிரியத்தால் பதவி உயர்வு வராது என்பதால்தான் கேப்டன் ஒருவர் 'இந்த வானிலையில் போகமாட்டேன்' என்று அச்சமின்றிச் சொல்ல முடிகிறது. அதன் விலை, மோசமான நிறுவனத்தை விட்டு வெளியேறுவது கடினம் என்பதும், உயர்வு திறமையைவிடக் காலியிடத்தைப் பொறுத்தது என்பதும். 2001க்குப் பின் ஆட்குறைப்பு வந்தது. 2007 டிசம்பரில் ஓய்வு வயது 60இலிருந்து 65 ஆனது. மேலே இடம் காலியாகவில்லை. கீழே பலர் ஆண்டுக்கணக்கில் அதே இருக்கையில் தேங்கினார்கள். பிறகு மேலே திடீரென இடங்கள் திறந்தபோது, பிராந்திய நிறுவனங்களிலிருந்து அனுபவசாலிகள் விரைந்து வெளியேறினார்கள். கற்றுக்கொடுக்க வேண்டிய கேப்டனே புதியவராக இருக்கும் நிலை வந்தது. மணிநேர விதி வலப்பக்கம் அமர்கிறவரின் நுழைவைக் கவனிக்கிறது. இடப்பக்கத்தில் இருப்பவர் எத்தகைய ஆசான் என்பதை அது கேட்பதில்லை.

பெரிய நிறுவன விமானிகளின் சங்கங்களும் இந்தப் பிரிவினையில் பங்காளிகள். பிராந்திய நிறுவனங்களுக்கு 76 இருக்கைகளுக்கு மேற்பட்ட விமானத்தைத் தரக்கூடாது என்று பொதுவாக ஒப்பந்தம் செய்துவைத்திருக்கிறார்கள். தங்கள் வேலையைக் காக்கப் போட்ட வேலி அது. தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலிக்கு அப்பால் நிற்பவர்கள் தங்கள் தொழிலின் பிள்ளைகள் என்பதை அவர்கள் 2009க்கு முன் உரத்துச் சொல்லியிருக்கலாம்.

அளவுகோல் என்று ஒன்று வேண்டுமென்றால் அது மூன்றைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, மணிநேரத்தின் உள்ளடக்கம். இருவர் இயக்கும் அறையில், பனியில், இரவில், தவறு நேர்ந்த நிலையில் பெற்ற பயிற்சிக்கு வெறும் பறப்பைவிடக் கூடுதல் மதிப்புத் தரலாம். சிமுலேட்டரை அதற்குத் துணையாகக் கொள்ளலாம், ஆனால் விதியை மலிவாக்கும் குறுக்குவழியாக ஆகாமல் தனியார் நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒருவர் சான்றளிக்க வேண்டும். இரண்டாவது, தோல்வியின் வரலாறு. தேர்வில் ஒருமுறை தோற்றவரைத் தள்ளிவைப்பது மூடத்தனம். தோற்று மீண்டும் கற்றுத் தேறியவர் பலசமயம் நல்ல விமானி ஆகிறார். தோல்வியைச் சொன்னால் வேலை போகும் என்ற நிலையே அதை மறைக்கச் செய்கிறது. தகவல்தளம் இருக்கிறது, அதைத் தண்டனைப் பட்டியலாக்காமல் பயிற்சித் திட்டத்தின் தொடக்கமாக்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சார்ந்தது. மூன்றாவது, வேலையின் நிலைமை. பணித்தளத்தில் வாழ முடியாத சம்பளம் பாதுகாப்புக் குறைபாடு என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். வாலில் தன் பெயரைத் தீட்ட அனுமதிக்கும் பெரிய நிறுவனம், அந்தப் பெயரின் கீழ் ஓட்டுகிறவரின் தேர்வுக்கும் உறக்கத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். சம்பளம் மிச்சப்படுத்தும்போது ஒரே குடும்பம், விபத்து நேர்ந்தால் வேறு நிறுவனம் என்பது இனியும் செல்லக்கூடாது.

2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, பயணச்சீட்டு விற்கும் இணையதளங்கள் விமானத்தை உண்மையில் இயக்குவது யார் என்பதை முதல் திரையிலேயே சொல்ல வேண்டும். பஃபலோவின் குடும்பங்கள் பெற்றுத் தந்த சிறிய உரிமைகளில் அதுவும் ஒன்று. பயணி அந்தப் பெயரைப் படிக்கலாம். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் எதில் தோற்றார், யாரிடம் மீண்டும் கற்றார், நேற்றிரவு எங்கே படுத்தார் என்பதைப் பயணி படிக்க முடியாது. படிக்க வேண்டியதும் இல்லை. அதைப் படிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் நிறுவனத்திலும் அரசிலும் இருக்கிறார்கள். 1500 என்ற எண் நிறைந்துவிட்டது என்று அவர்கள் கோப்பை மூடிவைக்கக் கூடாது.